பிலிகுண்டுலுவின் அளவுகோல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓரத்தில், காடும் பாறையுமாகக் கிடக்கும் பள்ளத்தாக்கில் பிலிகுண்டுலு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிக் காவிரி ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் கர்நாடகம், இந்தப்பக்கம் தமிழ்நாடு. இரண்டு மாநிலங்களுக்கும் எல்லைக்கோடாகவே இந்த ஆறு சுமார் 64 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஊரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ அதன் பெயரைக் கேள்விப்படாத விவசாயி இருக்கமாட்டார். ‘பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று ஆடி மாதத்தில் செய்தியில் வருகிறதே, அந்த எண் பிறக்கிற இடம் இதுதான். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இங்கே இருக்கிறது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று கேட்பவர்கள் அதிகமில்லை. ஓடுகிற ஆற்றைக் குடத்தில் பிடித்து அளக்க முடியாது. ஆகவே ஆற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்ததாக வைத்துக்கொண்டு, அதைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஆழம் பார்க்கிறார்கள். பிறகு நீரோட்டமானியை இறக்குகிறார்கள். தண்ணீரின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும் சிறு கருவி அது. மேற்பரப்பில் ஓட்டம் வேகமாகவும் அடியில் மணலோடு உரசி மந்தமாகவும் இருக்கும் என்பதால், ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே கருவியைப் பிடிப்பது வழக்கம். சராசரி வேகம் ஏறக்குறைய அங்கேதான் கிடைக்கும். பத்து அடி அகலம், ஐந்து அடி ஆழம், வினாடிக்கு இரண்டு அடி வேகம் என்றால் அந்தப் பட்டையில் வினாடிக்கு நூறு கன அடி போகிறது. எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் ஆற்றின் அன்றைய அளவு வந்துவிடும்.

தினமும் நாழிக்கு நாழி இப்படி அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் பல நாட்கள், பல மட்டங்களில் அளந்து, ‘தண்ணீர் இந்த மட்டத்தில் நின்றால் ஓட்டம் இவ்வளவு’ என்று ஒரு வளைகோடு தயாரிக்கிறார்கள். அது கையில் இருந்தால் கரையில் நட்ட அளவுகோலில் மட்டத்தைப் படித்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். ஒரு பெருவெள்ளம் வந்து ஆற்றடி மணலைப் புரட்டிப்போட்டால் வளைகோடு பொய்யாகிவிடும். மறுபடி அளந்து திருத்த வேண்டும். இரண்டு மாநில அரசுகள், ஒரு மத்திய ஆணையம், உச்ச நீதிமன்றம், கோடிக்கணக்கான மக்கள் எல்லோரும் நம்பியிருக்கிற எண், கடைசியில் ஒரு பணியாளர் கரையில் நின்று அளவுகோலைப் படிக்கிற நேர்மையில் வந்து நிற்கிறது.

நதிநீர்ப் பகிர்வு என்றதும் நினைவுக்கு வருவது நீதிமன்றமும் பந்த்தும் எரிந்த பேருந்துகளும்தான். அதற்கு அடியில் எண்களின் கதை ஒன்று ஓடுகிறது. ஓர் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எப்போது இருக்கிறது, இல்லாதபோது என்ன செய்வது என்பதே அந்தக் கதை. முதல் கேள்விக்கு ஓரளவு விடை கண்டிருக்கிறோம். இரண்டாவதை ஒரு அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறோம். மூன்றாவதில்தான் ஒவ்வொரு வறட்சியிலும் அடிபட்டு நிற்கிறோம்.

முதலில் அளவு. காவிரிப் பேச்சில் இரண்டு அலகுகள் உருளும். ஒன்று கன அடி, அதாவது வினாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது. இன்னொன்று டிஎம்சி, அதாவது மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது. நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும். அந்த ஒரு டிஎம்சியைச் சிந்தாமல் சிதறாமல் பரப்ப முடிந்தால் ஏறத்தாழ 23 ஆயிரம் ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும். ‘ஐயாயிரம் கன அடி திறக்க உத்தரவு’ என்ற தலைப்புச் செய்தியைப் படிக்கும்போது இந்தக் கணக்கைக் கூடவே போட்டுப் பார்க்க வேண்டும். ஐயாயிரம் கன அடி பதினைந்து நாள் ஓடினால் மொத்தம் ஆறரை டிஎம்சிகூட வராது. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி.

மண்டியாவில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் கிருஷ்ணராஜ சாகர் அணை 124.80 அடியைத் தொட்டதா என்று கேட்பார். தஞ்சாவூர்க்காரர் மேட்டூர் 120 அடியைத் தொட்டதா என்று கேட்பார். கன்னட நாளிதழ் ஒரு எண்ணையும் தமிழ் நாளிதழ் இன்னொரு எண்ணையும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பிலிகுண்டுலு.

இனி, எப்போது என்ற கேள்வி. காவிரியின் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

குடகில் தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடல் சேரும் 800 கிலோமீட்டர் பயணத்தில் இந்த ஆறு இரண்டு மழைக்காலங்களின் ஊடாகப் போகிறது. மேல்பாதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குடகும் ஹாசனும், கபினி பிறக்கும் கேரளத்தின் வயநாடும் நனைவது அப்போதுதான். கீழ்ப்பாதியான டெல்டாவுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஆனால் குறுவை நெல்லுக்கு ஜூனிலேயே தண்ணீர் வேண்டும். டெல்டாவின் வானம் அப்போது காய்ந்து கிடக்கும். குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி, இன்னொரு பக்கம் சம்பா என்று அடுத்தடுத்த பயிர்கள் எல்லாம் அந்த முதல் தண்ணீரின் தேதியோடு கட்டப்பட்டவை. நடவு தள்ளிப்போனால் கதிர் முற்றும் நேரத்தில் வடகிழக்கு மழை வந்து வயலைச் சாய்க்கும்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது என்ற மரபு இதிலிருந்து வந்தது. அங்கே மதகு திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்களாகும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று நுணுகி நுணுகி நாகப்பட்டினத்துக் கடைமடை வயலுக்குப் போய்ச்சேர இன்னும் பல நாட்கள் வேண்டும். அங்கே ஒருவர் நாற்றங்காலை உழுது, விதைநெல்லை ஊறவைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வாய்க்காலின் வறண்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊறவைத்துவிட்டால் பின்வாங்க முடியாது, முளை கட்டிவிடும்.

அதே ஜூன், ஜூலையில் மண்டியாவிலும் மைசூரிலும் விதைப்பு. அவர்களுடைய கண்ணும் அதே மேகங்களின் மேல்தான். மழை தாமதித்தால், கையில் இருப்பதை அணையில் தேக்கிவைத்துக்கொள்ள மேலே இருப்பவருக்குத் தோன்றும். கீழே இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் இழப்பு. இதில் யாருடைய குணக்கேடும் இல்லை. ஒரே மாதத்தில், ஒரே தண்ணீரின் மேல் இரண்டு விதைப்புகள் வந்து விழுகின்றன. சண்டைக்கு அதுவே போதும்.

ஆறு பழையது, எல்லைகள் புதியவை. 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சென்னையின் சம்மதமில்லாமல் மைசூர் புதிய பாசன வேலைகளைத் தொடங்கக்கூடாது என்பது அதன் சாரம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் அரசின் நேரடி மாகாணம், மறுபக்கம் அதற்கு அடங்கிய சமஸ்தானம். அந்த ஏற்றத்தாழ்வின் கசப்பு கர்நாடகத்தில் இன்றும் தீரவில்லை. அந்தக் கசப்புக்கு நியாயம் உண்டு. மறுபுறம், பல நூற்றாண்டுகளாக நீர் பாய்ந்து விளைந்த நிலத்தின் உரிமையும் காகிதத்தில் பிறந்ததல்ல. விஸ்வேஸ்வரய்யா திட்டமிட்ட கிருஷ்ணராஜ சாகர் அணையை ஒட்டி எழுந்த தகராறு நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு என்று போய், 1924 பிப்ரவரி 18 ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன் பயனாக மேலே கிருஷ்ணராஜ சாகரும் கீழே மேட்டூரும் எழுந்தன. மேட்டூர் 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒப்பந்தத்தின் சில பிரிவுகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். 1974 வந்தபோது, ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம். மறுபரிசீலனைதான், காலாவதியல்ல என்றது தமிழ்நாடு.

இதற்குள் நாடு குடியரசாகியிருந்தது. அரசமைப்புச் சட்டம் தண்ணீரை மாநிலப் பட்டியலில் 17ஆவது இனமாக வைத்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் ஒழுங்கை மத்தியப் பட்டியலின் 56ஆவது இனத்தில் வைத்தது. தகராறு வந்தால் நீதிமன்றம் தலையிடாமல் இருக்க நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்று 262ஆவது பிரிவு சொன்னது. அதன்படி 1956இல் நதிநீர்த் தகராறுகள் சட்டம் வந்தது. தீர்ப்பாயம் அமைக்க அது வழிசெய்தது. அதே ஆண்டில் இன்னொரு சட்டமும் வந்தது. ஆற்றுக்கு ஆறு வாரியம் அமைத்து, சண்டைக்கு முன்பே திட்டமிட வைப்பது அதன் நோக்கம். அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. சண்டை வந்தபின் தீர்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு, சண்டை வராமல் பார்க்கும் கருவியை அலமாரியில் வைத்துவிட்டோம். இந்தியக் கூட்டாட்சியில் ஆறுகளுக்கு நேர்ந்த மிகப் பெரிய நஷ்டம் அந்தச் சட்டம் அலமாரியில் உறங்கியதுதான்.

தீர்ப்பாயமும் சுலபத்தில் வரவில்லை. டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 1990 ஜூன் 2 அன்று காவிரித் தீர்ப்பாயம் அமைந்தது. 1991இல் ஆண்டுக்கு 205 டிஎம்சி விடச் சொல்லி இடைக்கால ஆணை வந்தது. அந்த டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை பாய்ந்தது, உயிர்கள் போயின. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்து, 2013இல்தான் அரசிதழில் ஏறியது. மேல்முறையீடுகளின் மேல் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்புச் சொன்னது. 1983இல் வழக்குப் போட்டவரின் மகன் அப்போது விவசாயத்தையே விட்டிருக்கக்கூடும்.

தீர்ப்பாயம் ஆற்றை இப்படிப் பிரித்தது. மொத்தம் 740 டிஎம்சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்காக 10, தடுக்க முடியாமல் கடலுக்குப் போவது 4. உச்ச நீதிமன்றம் 14.75 டிஎம்சியை எடுத்துக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது. இப்போது தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வந்தாக வேண்டும், ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாக அட்டவணை. தமிழ்நாட்டுப் பங்கில் பாதிக்கு மேல் பவானி, அமராவதி, நொய்யல் என்று எல்லைக்கு இந்தப்பக்கம் பிறக்கும் தண்ணீர் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. அதை நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்த 740 என்ற எண்ணின் அருகே ஒரு சிறு குறிப்பு உண்டு: ஐம்பது சதவீத நம்பகத்தன்மை. சட்டப்பக்கங்களில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இந்தச் சொல்லுக்குப் பொருள், நூறு ஆண்டுகளை எடுத்தால் ஐம்பது ஆண்டுகளில் 740 அல்லது அதற்கு மேல் தண்ணீர் இருக்கும் என்பது. மற்ற ஐம்பது ஆண்டுகளில் இருக்காது. அதாவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பற்றாக்குறை என்பது விபத்தல்ல, பங்கீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கிருஷ்ணா நதிக்கு பச்சாவத் தீர்ப்பாயம் 75 சதவீத நம்பகத்தன்மையில் 2,060 டிஎம்சி என்று கணக்கெடுத்தது; அங்கே நான்கில் மூன்று ஆண்டுகள் அந்த அளவு கிடைக்கும். காவிரியில் பாசன நிலம் அவ்வளவு விரிந்துவிட்டதால், 75 சதவீதக் கணக்கில் பங்கிட்டால் யாருக்கும் போதாமல் போயிருக்கும். காகிதத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கான விலையை வறண்ட ஆண்டுகளில் கொடுக்கிறோம்.

எண்ணைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நூறாண்டுச் சான்று இருக்கிறது. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922இல் பங்கிட்டுக்கொண்டன. மேற்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. கையிலிருந்த அளவீடுகள் இருபது சொச்சம் ஆண்டுகளுக்கானவை, அதுவும் வழக்கத்துக்கு மாறாக மழை கொழித்த ஆண்டுகள். 1976இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு பதிவேட்டைத் திறந்தார்கள். அது மரம்.

வயதான மரத்தின் அடிப்பகுதியில் துளைக்கருவியைத் திருகி உள்ளே செலுத்தினால், பென்சிலைவிட மெலிந்த ஒரு குச்சி வெளியே வரும். மரத்துக்குச் சேதமில்லை. அந்தக் குச்சியைத் தேய்த்து மெருகேற்றி உருப்பெருக்கியில் வைத்தால் வளையங்கள் வரிவரியாகத் தெரியும். மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம். காய்ந்த ஆண்டில் மயிரிழை. ஆற்றை அளந்த ஆண்டுகளின் வளையங்களையும் அளவீடுகளையும் ஒப்பிட்டு உறவைக் கண்டுகொண்டால், அளக்காத நூற்றாண்டுகளின் ஆற்றையும் மரமே சொல்லிவிடும். மரங்கள் சொன்ன நீண்டகாலச் சராசரி சுமார் 135 லட்சம் ஏக்கர்-அடி. பங்கிட்டதோ 150 லட்சம். 1944 உடன்படிக்கைப்படி மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். இல்லாத தண்ணீருக்குப் பட்டா எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டாவை நம்பி நகரங்கள் வளர்ந்தன. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதன்முறையாக அதிகாரபூர்வப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

காவிரித் தீர்ப்பாயம் கண்ணை மூடிக்கொண்டு எண் எழுதவில்லை. பல பத்தாண்டுகளின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தது. ஆனால் அந்தத் தொடர் 1970களின் தொடக்கத்தோடு நிற்கிறது. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் குடகில் காடு மாறியது, பெங்களூரு வீங்கியது, மழைநாட்கள் குறைந்து ஒரே நாளில் கொட்டும் மழை கூடியது என்று பேசப்படுகிறது. இவை ஆற்றின் மொத்தக் கணக்கில் என்ன செய்தன என்பதை இரு மாநிலங்களும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும்.

பற்றாக்குறை ஆண்டில் என்ன செய்வது? தீர்ப்பாயம் ஒரு வரியில் விடை சொல்லியிருக்கிறது: பங்குகளை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் அறுபது சதவீதம்தான் இருந்தால் எல்லோருக்கும் அறுபது சதவீதம். கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்பது அந்த ஆண்டு முடிந்த பிறகுதான் தெரியும். தண்ணீர்க் கணக்காண்டு ஜூன் 1 அன்று தொடங்குகிறது. ஆகஸ்டில் வறட்சி என்று அழுகிற ஆண்டு செப்டம்பரில் வெள்ளமாகலாம். ஜூலையில் பொங்கிய ஆண்டு அக்டோபரில் கைவிடலாம். பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே மதிப்பெண்ணைப் பங்கிடச் சொன்னால் எப்படியோ, அப்படி.

2018 ஜூன் 1 முதல் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் இந்த வேலையைச் செய்கின்றன. முன்பு பிரதமரும் நான்கு முதல்வர்களும் கூடும் ஆணையம் ஒன்று இருந்தது. அதைக் கூட்டுவதே ஒரு போராட்டமாக இருந்தது. இப்போது பொறியாளர்கள் உட்கார்ந்து நீர்வரத்துப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளின் வரத்து முப்பது ஆண்டுச் சராசரியைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்து, அந்த அளவுக்குப் பிலிகுண்டுலு அட்டவணையையும் குறைப்பது நடைமுறையாகியிருக்கிறது. முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

2023 அதைச் சோதித்தது. எல் நினோ ஆண்டு. அந்த ஆகஸ்டு, 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டு. செப்டம்பரில் நான்கு அணைகளின் வரத்து சராசரியில் பாதிக்கும் கீழே போயிருந்தது. வினாடிக்கு ஐயாயிரம் கன அடி பதினைந்து நாளுக்கு விடச் சொன்னது குழு. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. செப்டம்பர் 26 அன்று பெங்களூரு பந்த், 29 அன்று கர்நாடக பந்த். இந்தப்பக்கம் குறுவை வயல்கள் வெடித்தன. ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர், அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. எல்லோருக்கும் வலித்தது. ஆனால் 1991இலும் 2016இலும் தெருவில் நடந்த வன்முறை இந்த முறை நடக்கவில்லை. அளவு தெரிந்ததும், அந்த அளவை இருவரும் மறுக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த ஆண்டு ஆறு இன்னொரு பாடம் நடத்தியது. 2024 ஜூலை 11 அன்று, மாத இறுதிவரை நாளுக்கு ஒரு டிஎம்சி விடச் சொன்னது குழு. எட்டாயிரம் கன அடிதான் விடமுடியும் என்றது கர்நாடகம். வினாடிக்கு மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் கன அடிக்கு அனைத்துக் கட்சிக் கூட்டம். மூன்று வாரம் ஆகவில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்துகொண்டிருந்தது. ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை. கொள்ளிடக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை. மாதத் தொடக்கத்தில் அந்த மழையை யாராவது உறுதியாகச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டையே இருந்திருக்காது. ஆகவே நீதிபதிக்கு நிகராக வானிலையாளரும் இந்தப் பகிர்வில் ஒரு கட்சிக்காரர். இரண்டு வார மழைக் கணிப்பை அணைத் திறப்போடு இணைக்கும் வேலைக்கு இன்று செலவிடும் பணமும் அக்கறையும் போதாது.

இதே சிக்கலை ஆஸ்திரேலியா வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தது. மர்ரே–டார்லிங் படுகை அந்தக் கண்டத்தில் ஏழில் ஒரு பங்கு. நான்கு மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் அதற்குள் வருகின்றன. அங்கே விவசாயியின் கையிலிருக்கும் உரிமத்தில் எழுதியிருப்பது, அணையிலிருக்கும் தண்ணீரில் அவருக்குள்ள பங்கு. அந்தப் பருவத்தில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று அரசு அறிவிக்கும். மழை பெய்யப் பெய்ய உயர்த்தும். 1997 முதல் 2009 வரை நீண்ட பெருவறட்சியில் சில பகுதிகளில் சாதாரண உரிமங்களுக்குப் பூஜ்யம் என்றே அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு விதைப்புக்கு முன்பே வந்துவிடுவதால், விவசாயி உழாமல் விடலாம், அல்லது இருக்கும் பங்கைப் பழத்தோட்டக்காரருக்கு விற்கலாம். அங்கேயும் எல்லாம் சுமுகமில்லை. படுகைத் திட்டத்தின் முன்வரைவு வந்த 2010இல் கிரிஃபித் ஊரில் விவசாயிகள் அதைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். 2017இல் அளவுக்கு மீறி நீர் இறைத்த குற்றச்சாட்டுகள் வெடித்தன; பல பம்புகளில் மீட்டரே ஒழுங்காக இல்லை என்று தெரியவந்தது. தண்ணீரைச் சந்தையில் விற்பது நம் ஊருக்குச் சரிப்படாது. சிறு விவசாயி முதல் வறட்சியிலேயே தன் பங்கை இழந்துவிடுவார். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: விதைக்கும் முன் சதவீதத்தைச் சொல்லிவிடுவது.

அது நமக்கும் புதிதல்ல. ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி இதைத்தான் செய்தார். ஏரி பாதிதான் நிரம்பியிருந்தால் ஊர் கூடி, இந்த ஆண்டு இன்னின்ன வயல்தான் என்று முடிவு செய்யும். பிறகு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். டெல்டாவிலும் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம்தான். சில நாள் இந்த ஆற்றில், சில நாள் அந்த ஆற்றில். ஊருக்குள் செய்து பழகியதை மாநிலங்களுக்கிடையே செய்யத் தெரியாமல் திணறுகிறோம். ஊரில் நீர்க்கட்டியை எல்லோருக்கும் தெரியும், ஏரியின் மட்டம் எல்லோர் கண்ணிலும் படும். 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அணையின் மட்டத்தை நம்ப வேண்டுமானால் அந்த எண் நேரடியாக, ஒளிவுமறைவில்லாமல் வர வேண்டும்.

கணக்கில் சரியாக வராத தண்ணீரும் இருக்கிறது. 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டுப் பங்கு குறைந்ததற்கு ஒரு காரணம் நிலத்தடி நீர். டெல்டாவின் மண்ணுக்கடியில் 20 டிஎம்சி இருப்பதாகத் தீர்ப்பாயம் குறித்திருந்தது. நீதிமன்றம் அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் டெல்டாவின் நிலத்தடி நீரில் கணிசமான பகுதி வாய்க்காலிலிருந்தும் வயலிலிருந்தும் இறங்கியது. காவிரி வராத ஆண்டில் அதுவும் வற்றும். கடற்கரையோரத்தில் உப்பு உள்ளே ஏறும். மேலே ஓடும் தண்ணீரையும் கீழே இறங்கிய தண்ணீரையும் இரண்டு தனிக் கணக்காக எழுதுவது நீரியலுக்குப் பொருந்தாது. மீதி 4.75 டிஎம்சி பெங்களூரு நகரின் குடிநீருக்குப் போனது. நகரின் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று தீர்ப்பாயம் கணக்கைச் சுருக்கியிருந்தது. தாகத்துக்குப் படுகை எல்லை கிடையாது என்று நீதிமன்றம் முழு நகரத்தையும் எடுத்துக்கொண்டது. அதைக் குறைசொல்ல முடியாது. குடித்த தண்ணீரில் பெரும்பகுதி கழிவாகத் திரும்புகிறது என்பதும், அதை நன்றாகச் சுத்திகரித்தால் மீண்டும் ஆற்றுக் கணக்கில் சேர்க்கலாம் என்பதும் இன்னும் எந்த அட்டவணையிலும் வரவில்லை.

கடலுக்கென்று எழுதிய 4 டிஎம்சியையும் சுற்றுச்சூழலுக்கென்று எழுதிய 10 டிஎம்சியையும் பற்றி யாரும் வழக்குப் போட்டதில்லை. போட ஆள் இல்லை. கழிமுகத்து மீனுக்கும், கொள்ளிடம் கடல் சேருமிடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிச்சாவரத்து அலையாத்திக்கும் வக்காலத்துப் போட எந்த மாநிலமும் இல்லை.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். கடும் வறட்சியை அடுத்து 2003இல் இரு மாநில விவசாயிகளும் சென்னையில் கூடிக் ‘காவிரிக் குடும்பம்’ என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் அதற்கு முன்கை எடுத்தவர்களில் ஒருவர். ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் வயலைப் பார்த்தார்கள். மேலே இருப்பவன் வேண்டுமென்றே அடைக்கிறான், கீழே இருப்பவன் வீணாகக் கடலில் விடுகிறான் என்று இரண்டு பக்கமும் சொல்லி வளர்ந்த கதைகள் உண்டு. காய்ந்த வயலின் வரப்பில் நின்று அந்தக் கதையைச் சொல்வது கடினம். பற்றாக்குறைக் காலச் சூத்திரம் ஒன்றைத் தாங்களே கண்டுபிடிக்கப் பல முறை கூடிப் பேசினார்கள். அரசுகள் அந்த மேசையை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை.

2018 தீர்ப்பின்படி பங்குகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மாறாது. அந்தக் கெடு 2033இல் வருகிறது. இதற்கிடையில் எல்லைக்கு அருகே மேகதாதுவில் 67.16 டிஎம்சி அணை வேண்டும் என்கிறது கர்நாடகம். கடைசிக் குழாயின் திருகு மேலே இருப்பவர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறது தமிழ்நாடு. 2033க்குள் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 1972க்குப் பிந்தைய அரை நூற்றாண்டு நீர்வரத்தை இரு மாநில நீரியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். நிலத்தடி நீரையும் திரும்பிவரும் நீரையும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அணையின் வரத்தும் திறப்பும் மணிக்கு மணி கன்னடத்திலும் தமிழிலும் விவசாயியின் கைபேசிக்கு வர வேண்டும். மே மாதக் கடைசியில், இருப்பையும் பருவமழைக் கணிப்பையும் வைத்து, ‘இந்த ஆண்டு குறுவைக்கு இத்தனை சதவீதம், மண்டியா நெல்லுக்கு இத்தனை சதவீதம்’ என்று இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து சொல்ல வேண்டும். நாள் போகப் போக அந்த எண்ணைத் திருத்தலாம். விதைநெல்லை ஊறவைக்கும் முன் முதல் எண் வந்துவிட வேண்டும்.

ஏனென்றால் ஜூன் முதல் வாரத்தில் நாகப்பட்டினத்துக் கடைமடையில் நிற்பவரும் மண்டியாவில் விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கடைசி மதகருகே நிற்பவரும் வெவ்வேறு மொழியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: இந்த வருஷம் நாத்து விடலாமா, வேண்டாமா?